வயலில் தெளிக்கும் மருந்தும் வயிற்றில் வளரும் பிள்ளையும்

கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து, பூதலூர் வட்டாரத்தில் சம்பா நடவு தொடங்கிவிட்டால், விடிவதற்கு முன்பே பெண்கள் நாற்றங்காலில் இறங்கிவிடுகிறார்கள். நாற்றுப் பறிப்பு, முடி கட்டுதல், நடவு, பின்னர் களை எடுப்பு என்று அறுவடை வரை பயிரோடு அதிக நேரம் நிற்பவர்கள் அவர்களே. இரண்டு நாட்களுக்கு முன் குருணை மருந்து போட்ட நாற்றங்காலாக அது இருக்கலாம். நேற்று மாலை மருந்து அடித்த வயலின் வரப்பில் அமர்ந்து அவர்கள் பழைய சோறு சாப்பிடலாம். அந்தக் கூட்டத்தில் நாள் தள்ளிப்போய், இன்னும் வீட்டில் கூடச் சொல்லாத ஒரு பெண்ணும் இருக்கலாம். சொன்னால் நடவுக் கொத்தில் இடம் போய்விடும் என்ற பயமும் அவளுக்கு உண்டு.

பூச்சிமருந்து என்றால் மயக்கம், வாந்தி, தலைசுற்றல் என்றுதான் பெரும்பாலான விவசாயிகள் அறிந்திருக்கிறார்கள். மருந்து அடித்தவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்றால் கேடு இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் சில மருந்துகள் தாய்க்கு எந்த நோவும் காட்டாமல், வயிற்றில் வளரும் சிசுவின் வளர்ச்சியில் குறுக்கிடக்கூடியவை என்பதை விஞ்ஞானிகள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் கண்டிருக்கிறார்கள். இதற்குப் பாடம் கற்க வெகு தூரம் போகவேண்டியதில்லை. அடுத்த மாநிலமான கேரளத்தின் காசர்கோடு மாவட்டமே போதும்.

காசர்கோட்டில் நடந்தது

காசர்கோடு மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் கேரள அரசின் தோட்டக் கழகத்துக்கு 4,500 ஹெக்டேருக்கு மேல் முந்திரித் தோட்டங்கள் இருந்தன. முந்திரியின் பூவையும் தளிரையும் கருக்கும் தேயிலைக் கொசுவை ஒழிக்க, 1970-களின் இறுதியிலிருந்து எண்டோசல்பான் என்ற மருந்து ஹெலிகாப்டர் மூலம் தெளிக்கப்பட்டது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வீதம், இருபது ஆண்டுகளுக்கு மேல் இது தொடர்ந்தது. இதே எண்டோசல்பான் தஞ்சை மாவட்டத்து விவசாயிகளுக்கும் பழக்கமான பெயர்தான். நெல்லுக்கும் பருத்திக்கும் ஒரு காலத்தில் கடைகளில் தாராளமாக விற்ற மருந்து அது.

தோட்டங்களுக்கு ஊடேயும் மலை அடிவாரத்திலும் கிராமங்கள் இருந்தன. மலையைக் குடைந்து அமைத்த சுரங்கங்களில் ஊறி வரும் நீரும் ஓடை நீருமே அங்குள்ள மக்களுக்குக் குடிநீர். எண்மகஜே ஊராட்சியைச் சேர்ந்த படரே என்ற கிராமத்தில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் மோகன்குமார், தம்மிடம் வரும் குடும்பங்களில் மூளை வளர்ச்சிக் குறையும், கை கால் முடக்கமும், பிறவிக் குறைகளும் மிகுதியாக இருப்பதைக் கவனித்து வெளியில் எழுதினார். வேளாண்மைத் துறையில் பணிபுரிந்த லீலாகுமாரி அம்மா 1998-இல் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கின் முடிவில் 2000-ஆம் ஆண்டில் வான்வழித் தெளிப்பு நின்றது.

அதன்பின் ஆமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அக்கிராமத்துக்கு வந்தார்கள். மலை அடிவாரத்தில் வாழும் 10 முதல் 19 வயது வரையிலான 117 பையன்களையும், மருந்து தெளிக்கப்படாத வேறொரு ஊரின் 90 பையன்களையும் அவர்கள் பரிசோதித்தார்கள். ஆய்வின் முடிவு 2003-இல் வெளியாயிற்று. மருந்து தெளிக்கப்பட்ட ஊர்ப் பையன்களின் இரத்தத்தில் எண்டோசல்பான் அதிகம் இருந்தது. அதே வயதுள்ள மற்ற ஊர்ப் பையன்களைவிட இவர்கள் பருவமடைவது தாமதப்பட்டது. ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் இவர்களுக்குக் குறைவாக இருந்தது. விரை கீழே இறங்காமை, பிறவியிலேயே விரைவீக்கம், குடலிறக்கம் ஆகிய குறைகள் இந்த ஊரில் நூற்றுக்கு 5.1 பேருக்கும், மற்ற ஊரில் 1.1 பேருக்கும் காணப்பட்டன. பரிசோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை சிறிதாகையால், இந்தக் கடைசி வேறுபாட்டை மட்டும் உறுதியான முடிவாகக் கொள்ள முடியாது என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள்.

இந்தப் பையன்கள் யாரும் மருந்து அடித்தவர்கள் அல்லர். தாய் வயிற்றில் இருந்தபோதும், பிறந்து வளர்ந்தபோதும் அந்தக் காற்றிலும் நீரிலும் இருந்தவர்கள். ஆய்வைக் குறை கூறியவர்களும் உண்டு. ஒவ்வொரு பிள்ளையின் குறைக்கும் இந்த ஒரு மருந்துதான் காரணமா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆயினும் கேரளத்தில் 2005-இல் எண்டோசல்பான் தடை செய்யப்பட்டது. 2011 மே 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை விதித்தது. அதற்கு முந்தைய மாதம்தான், உலக நாடுகள் ஒழிக்க வேண்டிய இரசாயனங்களின் பட்டியலில் எண்டோசல்பானைச் சேர்க்க ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கூட்டத்தில் முடிவாகியிருந்தது. பாதிக்கப்பட்டோர் என்று கேரள அரசு பட்டியலிட்டவர்கள் 6,000 பேருக்கு மேல். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குத் தலைக்கு 5 இலட்ச ரூபாய் வழங்க உத்தரவிட்டது. பணம் வந்தாலும் முடங்கிய பிள்ளையைத் தூக்கிச் சுமப்பது தாயின் வேலையாகவே இருந்துவருகிறது.

ஹார்மோன் செய்யும் வேலை

உடம்பின் சுரப்பிகளிலிருந்து மிகச் சிறிய அளவில் சுரந்து, இரத்தத்தின் வழியே போய், எந்த உறுப்பு எப்போது எப்படி வளர வேண்டும் என்று ஏவும் பொருள்களே ஹார்மோன்கள். கால்வாய் லஸ்கர் உரிய நாளில் உரிய மதகைத் திறந்தால்தான் கடைமடை வரை முறைப்படி தண்ணீர் போகும். யாரோ ஒருவர் முறையில்லாத நாளில் மதகைத் திறந்துவிட்டாலோ, திறக்க வேண்டிய நாளில் அடைத்துவைத்தாலோ, தண்ணீர் இருந்தும் பயிர் கெடும். சில இரசாயனங்கள் உடம்புக்குள் போய் ஹார்மோனைப் போலவே நடிக்கின்றன. சில, ஹார்மோன் வேலை செய்யவொட்டாமல் தடுக்கின்றன. வேறு சில, அது சுரக்கும் அளவையே குறைத்துவிடுகின்றன.

பெரியவர் உடம்பில் இத்தகைய குழப்பம் நேர்ந்தால், இரசாயனம் வெளியேறியபின் ஓரளவு சரியாகிவிடும். சிசுவுக்கு அப்படி அல்ல. நெல் பொதி கட்டும் பருவத்தில் வயல் காய்ந்துவிட்டால், பிறகு முழங்கால் அளவு தண்ணீர் கட்டினாலும் பதர் மணியாகாது. இது ஒவ்வொரு விவசாயிக்கும் தெரியும். சிசுவுக்கும் அப்படிப்பட்ட பருவங்கள் உண்டு.

கரு உண்டான 3-ஆவது வாரத்திலிருந்து 8-ஆவது வாரத்துக்குள் இருதயம், கை கால், முகம், முதுகுத்தண்டு ஆகியவற்றின் அடிப்படை அமைந்துவிடுகிறது. ஆண் குழந்தையானால் ஏறத்தாழ 8-ஆவது வாரத்திலிருந்து 14-ஆவது வாரத்துக்குள் ஆண் உறுப்புகள் உருவாகும் முறை முடிவாகிறது. மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு ஹார்மோன் தேவை. சிசுவின் சொந்தத் தைராய்டு சுரப்பி நன்கு வேலை செய்யத் தொடங்கும் நான்கைந்து மாதம் வரை, தாயின் ஹார்மோனையே அது பெரிதும் நம்பியிருக்கிறது. ஆகவே முதல் மூன்று மாதங்கள் மிகவும் முக்கியமானவை. பல பெண்கள் தாங்கள் கருவுற்றிருப்பதை உறுதியாக அறியாமல் வயலில் நிற்பதும் இதே மாதங்களில்தான்.

நஞ்சுக்கொடி எல்லா நஞ்சையும் வடிகட்டிவிடும் என்று முன்பு மருத்துவர்கள்கூட நம்பினார்கள். அந்த நம்பிக்கை தவறு என்று காட்டிய மருந்துகளில் ஒன்றைப் பார்ப்போம். கரு கலையாமல் இருப்பதற்கென்று 1940-களிலிருந்து அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு டி.இ.எஸ். என்ற செயற்கை ஹார்மோன் கொடுக்கப்பட்டது. தாய்மார்களுக்கு உடனே ஒன்றும் ஆகவில்லை. 1971-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள், இளம் பெண்களுக்கு மிக அரிதாக வரும் ஒருவகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் 8 பேருக்கு வந்திருப்பதை ஆராய்ந்தார்கள். அவர்களில் 7 பேரின் தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் அந்த மருந்தை உட்கொண்டவர்கள். தாய் சாப்பிட்ட மருந்தின் விளைவு, மகளிடம் பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது.

முக்கோணத்தின் நிறம் சொல்லாதது

மருந்துப் புட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் அச்சிடப்பட்டிருப்பதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். சிவப்பு கடும் நஞ்சு, பச்சை குறைந்த நஞ்சு. இந்த நிறம், மருந்து உள்ளே போனால் உடனடியாக உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை மட்டுமே காட்டுகிறது. வயிற்றில் உள்ள பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை அது சொல்லாது.

விதை நேர்த்திக்கு வீடுதோறும் பயன்படும் கார்பன்டாசிம் இதற்கு உதாரணம். ஆளை உடனே கொல்லும் நஞ்சு அல்ல. ஆனால் எலிகளுக்குக் கொடுத்துச் செய்த சோதனைகளில் அது கருவையும் ஆண் விந்தணுவையும் பாதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதை இனப்பெருக்கத்துக்கும் கருவுக்கும் கேடு விளைக்கக்கூடியது என்று வகைப்படுத்தியிருக்கிறது. இங்கோ அந்தப் பொடியை விதையில் கொட்டி வெறுங்கையால் கலப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குருத்துப்பூச்சிக்கும் அடிக்கப்பட்டுவந்த குளோர்பைரிபாஸ் மற்றோர் உதாரணம். அது முதன்மையாக நரம்பைத் தாக்கும் மருந்து. அமெரிக்காவில் வீடுகளுக்குள் கரப்பானுக்கு அதைத் தெளித்துவந்தார்கள். நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தார்கள். 2001-க்கு முன் பிறந்தவர்களில் மருந்து மிக அதிகம் காணப்பட்ட குழந்தைகள், சராசரியாக எடை குறைந்து பிறந்திருந்தன. வீட்டுக்குள் தெளிப்பதை அரசு நிறுத்தவைத்தபின், 2001-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் மருந்தின் அளவு வெகுவாகக் குறைந்தது. அத்துடன் அந்த எடைக் குறைவும் காணப்படவில்லை. தாய்க்கு மருந்து படுவதைக் குறைத்தால் பிள்ளைக்கு உடனே பலன் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

ஆகவே வீண் பீதி வேண்டியதில்லை. மருந்து அடித்த வயலில் வேலை செய்த பெண்களுக்கும் நல்ல குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஏற்கெனவே மருந்து பட்டுவிட்டதே என்று அஞ்சிக் கருவைக் கலைக்க நினைப்பதும் தவறு. சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லி முறையாகப் பரிசோதனை செய்துகொள்வதே சரி.

கூலியைப் பறிக்காமல் காப்பது எப்படி?

கர்ப்பிணியை வயலுக்கு வரவேண்டாம் என்று சொல்வது எளிது. அப்படிச் சொன்னால் அவள் கூலி போகும்; வாயும் வயிறுமாக இருக்கும் நேரத்தில் சாப்பாடும் குறையும். அதற்கு அஞ்சி அவள் செய்தியை மறைப்பாள். எனவே ஆளை நிறுத்துவதைவிட மருந்தின் நாளை மாற்றுவதே நல்ல வழி. யார் கர்ப்பிணி என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லாதபடி, எல்லாப் பெண்களுக்கும் பொதுவான ஒழுங்காக இதை வைத்துக்கொள்ளலாம்.

1. நாற்றுப் பறிப்பதற்கு முந்தைய நாட்களில் நாற்றங்காலில் குருணை மருந்து போடக் கூடாது.

2. களை எடுப்பு முடிந்த பிறகே மருந்து அடிக்க வேண்டும். மருந்து அடித்துவிட்டுக் களைக்கு ஆள் விடக் கூடாது. தெளித்த வயலில் குறைந்தது இரண்டு நாட்களுக்கு யாரும் இறங்கலாகாது. புட்டியில் அதற்கு மேல் நாள் சொல்லியிருந்தால் அதன்படி நடக்க வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கு மருந்து படாத வயலிலோ களத்திலோ அதே கூலிக்கு வேலை கொடுக்கலாம்.

3. மருந்து கலக்குவது, குருணை விசிறுவது, தெளிப்பான் கழுவுவது ஆகிய வேலைகளைக் கருவுற்ற பெண்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் செய்யவே கூடாது. உடம்பின் கொழுப்பில் தங்கும் இரசாயனங்கள் தாய்ப்பாலிலும் வரக்கூடியவை. அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்; தாய்ப்பாலின் நன்மை பெரிது.

4. நனைந்த தோல் மருந்தை எளிதில் உறிஞ்சும். வரப்பில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் சோப்பும் இருக்க வேண்டும். கை கழுவிய பிறகே சோறும் வெற்றிலை பாக்கும். வாய்க்கால் நீரைக் குடிக்கக் கூடாது.

5. மருந்து அடித்தவர் தம் உடையைத் தாமே தனியாக நனைத்துத் துவைக்க வேண்டும். மனைவியின் துணியோடும் பிள்ளைகளின் துணியோடும் சேர்த்துப் போடக் கூடாது.

6. மருந்தை அடுக்களையிலும் படுக்கும் அறையிலும் வைக்க வேண்டாம். காலிப் புட்டியை எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ எடுக்காமல், துளையிட்டு ஒதுக்கிவிட வேண்டும்.

மருந்து குறைந்தால் மகசூல் குறையுமா?

இந்தக் கேள்விக்கு இந்தோனேசிய நாட்டு நெல் விவசாயிகள் பதில் கண்டார்கள். அங்கு மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. சிலந்தி முதலிய நன்மை செய்யும் பூச்சிகள் மருந்தில் அழிந்ததே காரணம் என்று தெரிந்தது. 1986-இல் நெல்லுக்கு அடித்துவந்த 57 வகை மருந்துகளை அந்நாட்டு அரசு ஒரே ஆணையில் தடை செய்தது. மருந்துச் செலவு குறைந்தது; நெல் உற்பத்தி விழவில்லை.

தஞ்சை மாவட்டத்தில் 1960-61-இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் வந்தபோது உயர் விளைச்சலுக்கான முறைகளோடு பூச்சிமருந்தும் வந்தது. அன்று தூவிய பி.எச்.சி. பொடி 1997-இல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. பிறகு எண்டோசல்பானும் போயிற்று. இரண்டும் போன பிறகும் காவிரிப் படுகையில் நெல் விளைந்துகொண்டுதான் இருக்கிறது.

பூச்சியைக் கண்டதும் மருந்து அடிக்காமல், சேத அளவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். குருத்துப்பூச்சியானால் ஒரு சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் அல்லது தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்கு 10 நடுக்குருத்துகள் காய்ந்திருப்பது. இலைச்சுருட்டுப் புழுவானால் அதே பருவத்தில் நூற்றுக்கு 10 இலைகள் சேதமாவது. புகையானானால் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு. இந்த அளவைத் தாண்டாதவரை மருந்துக்குச் செலவிடுவது வீண்.

நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டால் குருத்துப்பூச்சியின் முட்டைகள் போய்விடும். நட்ட 30, 37-ஆம் நாட்களில் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் முட்டை ஒட்டுண்ணியை ஹெக்டேருக்கு 5 சி.சி. வீதம் கட்டினால் குருத்துப்பூச்சி கட்டுப்படும். இலைச்சுருட்டுக்கு 37, 44, 51-ஆம் நாட்களில் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் கட்ட வேண்டும். பறவைகள் அமர ஹெக்டேருக்கு 50 குச்சிகள் நடலாம். புகையான் வரும் இடங்களில் எட்டடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நட்டு, யூரியாவைக் குறைத்து, தண்ணீரை வடித்து வடித்துக் கட்ட வேண்டும். தெளிக்க நேர்ந்தால் முதலில் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு. விதை நேர்த்திக்குக் கார்பன்டாசிமுக்குப் பதிலாகக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் போதும். சந்தேகம் உள்ளவர்கள் உதவி வேளாண்மை அலுவலரையோ, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தையோ கேட்கலாம். 1800-180-1551 என்ற இலவசத் தொலைபேசியிலும் தமிழில் விளக்கம் கிடைக்கும்.

வீட்டுப் பெரியவர்களும் ஒன்று செய்யலாம். நாள் தள்ளிப்போனால் மறைக்காமல், 12 வாரங்களுக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யும்படி மகளுக்கும் மருமகளுக்கும் சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் உதவிக்கும் அந்தப் பதிவு தேவை. மருந்து அடிக்கும் நாட்களில் அவளை எந்த வயலுக்கு அனுப்பலாம் என்று பார்த்துக்கொள்ளவும் அது உதவும்.

விதைநெல்லை ஈரம் படாமல், வண்டு விழாமல், தனிக் கோட்டையில் கட்டிக் காப்பது தஞ்சை மாவட்டத்து வழக்கம். அடுத்த தலைமுறைக்கான விதை தாயின் வயிற்றில் இருக்கும் அந்தப் பத்து மாதத்துக்கும் அதே காவல் வேண்டும். தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன், இன்று இந்த வயலில் யார் யார் இறங்கப் போகிறார்கள் என்று ஒரு முறை கேட்டுக்கொண்டாலே அந்தக் காவலில் பாதி முடிந்துவிடும்.